மறதியை அளந்த அறிஞர்

பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நான் ஒரு சிறு குற்றம் செய்தேன். அதனால் எவருக்கும் பொருள் இழப்பு இல்லை. உயிருக்கும் ஊறு இல்லை. பென்சில் ஒன்றும் ரப்பர்த் துண்டு ஒன்றுமே அதற்குப் பயன்பட்ட கருவிகள். ஆயினும் அந்தக் குற்றந்தான் என்னை ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர். மறைந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. உளவியல் பயிலும் மாணவன் எவனும் அவர் பெயரைக் கேளாமல் முதலாண்டைக் கடப்பதில்லை. நானும் கேட்டிருந்தேன், ஆனால் அவரை அறிந்திருக்கவில்லை.

நம் மன்றத் தோழர்களிற் பலர் உளவியல் என்றால் பிறர் மனத்தில் உள்ளதைக் கண்டுபிடிக்கும் வித்தை என்று எண்ணுகிறார்கள். நான் என்ன படிக்கிறேன் என்று தெரிந்தவுடன், தம் மனத்தில் இப்போது என்ன ஓடுகிறது என்று சொல்லும்படி வேடிக்கையாகக் கேட்காதவர் மிகச் சிலரே. உண்மையில் எங்களுக்கு முதலில் கற்பித்தது அந்த வித்தை அன்று, ஆய்வு முறை. ஒரு கேள்வியை எப்படிக் கேட்பது, எதை மாற்றுவது, எதை மாறாமல் வைத்திருப்பது, எப்படி அளப்பது, அளந்ததை எப்படி எழுதி வைப்பது என்பனவே பாடம். கதை கேட்க வந்தவனுக்குக் கணக்குப் போடச் சொன்னதுபோல் இருந்தது எனக்கு. அந்தச் சலிப்பில்தான் குற்றம் பிறந்தது.

செய்முறைத் தேர்வுக்கு எங்களுக்குக் கொடுத்த சோதனைகளில் ஒன்று மறதியைப் பற்றியது. பொருளற்ற அசைகளை வரிசையாக எழுதி, ஒருவரை நெட்டுருப் போடச் செய்ய வேண்டும். தமிழ் இலக்கணத்தில் அசைக்கு வேறு பொருள் உண்டு. இங்கே நான் சொல்வது மெய், உயிர், மெய் என மூன்று ஒலிகள் சேர்ந்த வெறுந் துண்டு. பௌழ், ஞொத், றூம் என்பன போல எழுதிக்கொள்ளலாம். நெட்டுருப் போட்டவர் இருபது நிமிடம், ஒரு மணி, ஒன்பது மணி, ஒரு நாள், இரண்டு நாள், ஆறு நாள் எனக் குறித்த இடைவெளிகளுக்குப் பின் அவற்றை மீண்டும் கற்க வேண்டும். முதன்முறை ஆன நேரத்தில் இரண்டாம் முறை எவ்வளவு மிச்சமாயிற்று என்று பார்த்தால், மனத்தில் எவ்வளவு எஞ்சியிருந்தது என்று தெரியும்.

என் விடுதி அறை நண்பன் அந்தத் துன்பத்துக்கு இசைந்தான். ஒருவாறு சோதனை முடிந்தது. அளவுகளை வரைபடத்தில் குறித்தபோது ஒரு புள்ளி மட்டும் அடங்க மறுத்தது. காலம் செல்லச் செல்ல எஞ்சுவது குறைய வேண்டும். பாடநூலில் உள்ள கோடு அப்படித்தான் இறங்குகிறது. என் நண்பனுக்கோ ஒன்பது மணி நேரத்துக்குப் பின் கிடைத்த மிச்சத்தைவிட ஒரு நாளுக்குப் பின் கிடைத்தது சற்று அதிகமாக இருந்தது. நான் எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று முடிவு செய்தேன். மறுமுறை சோதனை நடத்தப் பொழுதும் இல்லை, பொறுமையும் இல்லை. அந்த எண்ணை அழித்து, பாடநூல் கோட்டுக்கு இசைவாக வேறோர் எண்ணை எழுதினேன். குறிப்பேட்டில் கோடு மிக அழகாக அமைந்தது.

எங்கள் ஆசிரியை குறிப்பேட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் விரலை வைத்துச் சிறிது நேரம் பார்த்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. எண்ணை எங்கிருந்து எடுத்தேன் என்றும் கேட்கவில்லை. எபிங்ஹாஸ் எழுதிய நூலின் மொழிபெயர்ப்பு நூலகத்தில் இருக்கிறது என்றும், அதில் இதே எண்ணைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வந்த பிறகு கையெழுத்திடுவதாகவும் சொல்லிவிட்டார். அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திராது. அன்று மாலையே நூலகத்துக்குச் சென்றேன். அந்த நூலை எழுதியவர் யார் என்று தேடிய தேட்டத்தின் பயனே இக்கட்டுரை.

எபிங்ஹாஸ் 1850ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24ஆம் நாள் பிறந்தார். ஊர் பார்மன், ஊப்பர் ஆற்றங்கரையில் நெசவாலைகள் நிறைந்த நகரம். இன்று ஊப்பர்டால் என்னும் பெருநகரின் ஒரு பகுதியாக அது இருக்கிறது. தந்தை செல்வம் படைத்த வணிகர். மகனைக் கடையில் அமர்த்தாமல் கல்வியில் செலுத்தினார். 1867இல், தம் 17ஆம் வயதில், எபிங்ஹாஸ் பான் நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் படிக்க விரும்பியது வரலாறும் மொழிநூலும். அறிவியலின் பக்கம் அவர் அப்போது தலைவைத்தும் பார்க்கவில்லை. பின்பு ஹாலே, பெர்லின் பல்கலைக்கழகங்களிலும் பயின்றார். மெல்ல மெல்ல மனம் தத்துவத்தின்பால் சென்றது.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. இளைஞர் எபிங்ஹாஸ் படையில் சேர்ந்து பணியாற்றினார். போர் ஓய்ந்தபின் மீண்டும் பான் நகருக்கு வந்து, நனவிலி மனம் பற்றி ஹார்ட்மன் எழுதிய தத்துவத்தை ஆராய்ந்து 1873இல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 23. இன்று என் வயதும் அதுவே. அந்த வயதில் அவர் ஒரு சோதனையும் செய்ததில்லை. ஓர் எண்ணையும் அளந்ததில்லை. உளவியல் வரலாற்றில் அளவையின் அரசராக விளங்கப் போகிறவர் என்று அவரைப் பார்த்து எவரும் சொல்லியிருக்க முடியாது.

பட்டம் பெற்றபின் பல ஆண்டுகள் அவர் நாடு விட்டு நாடு சென்றார். இங்கிலாந்திலும் பிரான்சிலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் காலம் கழித்தார். அந்நாளில் ஒரு பழைய புத்தகக் கடையில் அவர் கையில் ஒரு நூல் கிடைத்ததாக வரலாற்றாசிரியர்கள் கூறுவர். பெக்னர் என்னும் லைப்சிக் நகரப் பேரறிஞர் 1860இல் வெளியிட்ட நூல் அது. பௌதிகப் பேராசிரியராக இருந்த பெக்னர், மனிதனின் புலன் உணர்ச்சியையும் அளக்கலாம் என்று அதில் காட்டியிருந்தார். கையில் உள்ள எடையை எவ்வளவு கூட்டினால் கூடியதாக நமக்குத் தோன்றும், விளக்கின் ஒளியை எவ்வளவு மிகுத்தால் மிகுந்ததாகத் தெரியும் என்றெல்லாம் எண்ணி எண்ணிக் கணக்கிட்டிருந்தார்.

அந்த நூல் எபிங்ஹாஸின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. எடையையும் ஒளியையும் உணரும் உணர்ச்சியை அளக்கலாம் என்றால், நினைவை அளக்கலாகாதா? இதுவே அவர் உள்ளத்தில் எழுந்த கேள்வி. இன்று எளிதாகத் தோன்றும் இக்கேள்வி அன்று துணிச்சலானது. வில்ஹெல்ம் வுண்ட் என்னும் பேராசிரியர் 1879இல் லைப்சிக்கில் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் நிறுவினார். அவரே நினைவு, சிந்தனை போன்ற உயர்ந்த மனச் செயல்களைச் சோதனைக்குள் கொண்டுவர இயலாது என்று கருதினார். எபிங்ஹாஸுக்கு ஆய்வுக்கூடம் இல்லை. வழிகாட்டும் ஆசிரியர் இல்லை. ஊதியம் கொடுத்து வேலை வாங்க ஆட்களும் இல்லை. கேள்வி மட்டும் இருந்தது. ஆகவே அவரே சோதிப்பவராகவும் அவரே சோதிக்கப்படுபவராகவும் ஆனார்.

எதை மனப்பாடம் செய்து பார்ப்பது? பாட்டையோ உரைநடையையோ எடுத்தால் ஓர் இடர் உண்டு. பொருள் தெரிந்த சொற்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். ஒரு பாட்டில் காதலும் மற்றொன்றில் போரும் இருக்கும். ஒன்று முன்பே காதில் விழுந்ததாக இருக்கும். மற்றொன்று புதிதாக இருக்கும். நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த குறட்பாக்களில் சில உடனே நெஞ்சில் பதிந்ததும், சில பிரம்பை எதிர்பார்த்து நின்றதும் நமக்குத் தெரியாதா? அப்படி ஏறுமாறாக உள்ள பொருளை அளவுகோலுக்குக் கீழ் வைக்க முடியாது. எனவே பொருளே இல்லாத அசைகளை அவர் படைத்தார். மொத்தம் 2,300 அசைகள்! அவற்றைக் கலைத்து, வேண்டிய எண்ணிக்கையில் எடுத்து வரிசைகள் அமைத்துக்கொண்டார்.

பின் அவர் தமக்குத் தாமே சட்டங்கள் இயற்றிக்கொண்டார். கடிகாரத்தின் ஒலிக்கு ஏற்ப, நிமிடத்துக்கு 150 அசைகள் என்ற வேகத்தில் படிக்க வேண்டும். கடினமான இடத்தில் நின்று திரும்பத் திரும்பச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு முறையும் தொடக்கம் முதல் இறுதி வரை செல்ல வேண்டும். நினைவுக்கு உதவ அசைகளுக்குக் கற்பனையாகப் பொருள் புனையக் கூடாது. ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் இடையே 15 விநாடி ஓய்வு. நாளின் குறித்த நேரங்களில் மட்டுமே சோதனை. அன்றாட வாழ்க்கையில் பெரிய மாறுதல் ஏதேனும் நேர்ந்தால் சோதனையை நிறுத்திவிட வேண்டும். மீண்டும் தொடங்கும்போது சில நாள் பழகிக்கொண்ட பின்னரே அளக்க வேண்டும். மாணவர் விடுதியில் வாழும் நம்மில் யாரேனும் ஒரு வாரம் இப்படி இருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்!

1879, 1880ஆம் ஆண்டுகளில் முதல் தொகுதிச் சோதனைகளைச் செய்தார். அதன் பயனாக 1880இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றும் தகுதி பெற்றார். வேறொருவராக இருந்தால் அப்போதே நூலை அச்சுக்கு அனுப்பியிருப்பார். அவர் அவ்வாறு செய்யவில்லை. 1883, 1884ஆம் ஆண்டுகளில் மீண்டும் அமர்ந்து சோதனைகளைத் தொடர்ந்தார், பழைய முடிவுகளைச் சரிபார்த்தார், புதியவற்றைச் சேர்த்தார். பின்னர் 1885இல், நினைவைப் பற்றிய தம் சிறு நூலை வெளியிட்டார். அறிவுலகில் பருமனைக் கொண்டு நூலை எடைபோடக் கூடாது என்பதற்கு அந்த நூல் நல்ல சான்று.

அவர் கண்டவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். ஏழு அசைகள் கொண்ட வரிசையை ஒரே முறை படித்து ஒப்புவிக்க அவரால் முடிந்தது. ஐந்தே அசைகள் கூடி 12 ஆனபோது ஏறத்தாழ 17 முறை படிக்க வேண்டியிருந்தது. 16 அசைகளுக்கு 30 முறை; 24 அசைகளுக்கு 44 முறை; 36 அசைகளுக்கு 55 முறை. சுமை சிறிது கூடினாலும் உழைப்பு பன்மடங்கு கூடுகிறது. பொருளின் ஆற்றலையும் அவர் அளந்து பார்த்தார். ஆங்கிலக் கவிஞர் பைரனின் டான் ஜுவான் காவியத்தில் ஒரு செய்யுளுக்கு 80 அசைகள் இருக்கும். அதைக் கற்க எட்டு ஒன்பது முறை படித்தால் போதும். பொருளற்ற 80 அசைகளுக்கோ 70, 80 முறை வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டார். பொருள் அறிந்து படிப்பவனுக்குப் பத்தில் ஒரு பங்கு உழைப்பே போதும் என்பது இதனால் விளங்கவில்லையா?

தேர்வுக்கு முந்திய இரவில் மட்டும் விளக்கேற்றும் தோழர்களுக்கு அவர் தந்த செய்தி ஒன்றும் உண்டு. 12 அசைகள் கொண்ட வரிசைகளை ஒரே நாளில் தொடர்ந்து 68 முறை படித்து, மறுநாள் மீண்டும் கற்றுப் பார்த்தார். வேறு வரிசைகளை மூன்று நாட்களுக்குப் பங்கிட்டு மொத்தம் 38 முறை மட்டுமே படித்து, அடுத்த நாள் சோதித்தார். இரண்டுக்கும் பயன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பங்கிட்டுப் படித்தவனுக்கு 30 முறை மிச்சம்! இதை நான் அறிந்து ஆண்டுகள் ஆகின்றன. கடைப்பிடித்தது எத்தனை முறை என்று மட்டும் கேட்காதீர்கள்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது மறதிக் கோடு. 13 அசைகள் கொண்ட எட்டு வரிசைகளைக் கற்பது. இடைவெளி விட்டு அவற்றையே மீண்டும் கற்பது. இது ஒரு சோதனை. இப்படி 163 சோதனைகள். ஒரு முறை கற்கவே ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். இருபது நிமிட இடைவெளிக்குப் பின் 58.2 விழுக்காடு உழைப்பு மிச்சமாயிற்று. ஒரு மணிக்குப் பின் 44.2. ஏறத்தாழ ஒன்பது மணிக்குப் பின் 35.8. ஒரு நாளுக்குப் பின் 33.7. இரண்டு நாளுக்குப் பின் 27.8. ஆறு நாளுக்குப் பின் 25.4. முப்பத்தொரு நாளுக்குப் பின்னும் 21.1. முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. பின்னர் மறதியின் வேகம் தளர்ந்து, எஞ்சியது நெடுநாள் நிற்கிறது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு தோழர்களை வேண்டுகிறேன். அவற்றில் ஒன்றுக்கு மீண்டும் வர வேண்டியிருக்கிறது.

நூல் வெளிவந்தபின் புகழ் வந்தது. 1886இல் பெர்லினில் துணைநிலைப் பேராசிரியர் ஆனார். 1890இல் ஆர்தர் கோனிக் என்பவருடன் சேர்ந்து உளவியலுக்கும் புலன்களின் இயக்கத்துக்கும் உரிய இதழ் ஒன்றைத் தொடங்கினார். வுண்டின் வட்டத்துக்கு வெளியே இருந்த ஆய்வாளர்கள் பலருக்கு அது மேடையாயிற்று. ஆனால் வாழ்வு எப்போதும் ஏறுமுகமாகவே இருக்குமா? 1894இல் பெர்லினில் உளவியலுக்கான உயர் பேராசிரியர் பதவி கார்ல் ஷ்டும்ப் என்பவருக்குக் கிடைத்தது, எபிங்ஹாஸுக்குக் கிடைக்கவில்லை. அவர் வெளியிட்ட நூல்களும் கட்டுரைகளும் எண்ணிக்கையில் குறைவு என்பதைப் பலர் காரணமாகக் கூறுவர். ஒன்றைச் செய்தபின் மீண்டும் ஒருமுறை செய்து பார்க்காமல் வெளியிடாதவருக்கு எண்ணிக்கை எப்படிக் கூடும்?

அவர் மனம் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. அந்த ஆண்டே பிரெஸ்லாவ் நகருக்குப் பேராசிரியராகச் சென்றார். இன்று போலந்து நாட்டில் விராத்ஸ்வாஃப் என்று அழைக்கப்படும் ஊர் அது. அங்கும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அவ்வூர்ப் பள்ளிகளில் காலை முதல் ஐந்து மணி நேரம் தொடர்ந்து வகுப்பு நடந்துவந்தது. அதனால் பிள்ளைகளின் மூளை களைத்துப் போகிறதா என்று ஆராயுமாறு கேட்டுக்கொண்டார்கள். பலவகைச் சோதனைகளை அவர் பயன்படுத்தினார். அவற்றுள் ஒன்று, உரைநடைப் பகுதியில் இடையிடையே சொற்களையும் எழுத்துகளையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளை நிரப்பச் சொல்வது. 1897இல் இதனை வெளியிட்டார். வகுப்பில் முன்னணியில் நின்ற பிள்ளைகளையும் பின்தங்கியவர்களையும் நன்கு பிரித்துக் காட்டியது இச்சோதனையே. பிரெஞ்சு அறிஞர் பினே 1905இல் அறிவுத்திறனை அளக்கும் சோதனைகளைத் தொகுத்தபோது இதனையும் எடுத்துக்கொண்டார். கோடிட்ட இடங்களை நிரப்புக என்று நம் வினாத்தாள்களில் வரும் கேள்வியைக் காணும்போதெல்லாம் எனக்கு இப்போது பிரெஸ்லாவ் நகரத்துப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

1905இல் ஹாலே பல்கலைக்கழகத்துக்கு மாறினார். தாம் எழுதிய பெரிய உளவியல் நூலைத் தமக்கு வழிகாட்டிய பெக்னரின் நினைவுக்கே உரிமையாக்கினார். நேரில் ஆசிரியராக இராமல் பழைய புத்தகத்தின் வழியே ஆசிரியராக அமைந்தவருக்கு அவர் காட்டிய நன்றி அது. 1908இல் வெளியிட்ட சிறிய உளவியல் நூல் எளிமையால் பலரைக் கவர்ந்தது. அடுத்த ஆண்டு, 1909 பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள், நுரையீரல் அழற்சியால் உயிர் நீத்தார். வயது 59. பெரிய சீடர் கூட்டம் ஒன்றை அவர் விட்டுச் செல்லவில்லை. முறை ஒன்றை விட்டுச் சென்றார்.

அவர் முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் ஒருவரே என்பது முதற் குறை. கோட்டிங்கன் நகரத்தில் மூல்லரும் ஷூமனும் 1894இல் வெளியிட்ட ஆய்வில் இவ்விருவரையும் வேறாக்கினார்கள்; அசைகளைச் சீராகக் காட்டச் சுழலும் உருளை ஒன்றையும் பயன்படுத்தினார்கள். பொருளற்ற அசையைக் கற்பது அன்றாட வாழ்வின் நினைவு ஆகாது என்பது இரண்டாவது குறை. இங்கிலாந்தில் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் கதைகளையும் படங்களையும் கொண்டு நினைவை ஆராய்ந்து, மனம் பழையதை அப்படியே எடுத்துத் தருவதில்லை, புதிதாகக் கட்டித் தருகிறது என்று காட்டினார். ஆனால் தம் முடிவுகள் தம் ஒருவருக்கே உரியவையாக இருக்கலாம் என்பதை முதலில் எழுதியவர் எபிங்ஹாஸ்தாம். ஆய்வு செய்பவன் மனத்தில் உருவாகிவரும் கொள்கை, அவன் அறியாமலே அளவுகளைத் தன் பக்கம் சாய்த்துவிடும் என்ற அச்சத்தையும் அவர் மறைக்கவில்லை. ஒவ்வொரு சராசரிக்கும் பக்கத்தில் பிழை எவ்வளவு இருக்கக்கூடும் என்றும் எழுதினார்.

வரலாறு முடிந்தது. எனக்கு உரிய பக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது. மேலே சொன்ன எண்களை மீண்டும் பாருங்கள். ஒன்பது மணியிலிருந்து ஒரு நாள் வரை பதினைந்து மணி நேரம் கழிகிறது, மிச்சம் 35.8இலிருந்து 33.7ஆக, இரண்டு புள்ளி அளவே குறைகிறது. அடுத்த ஒரு நாளிலோ 33.7இலிருந்து 27.8ஆக, ஏறத்தாழ ஆறு புள்ளிகள் விழுகிறது. நாள் செல்லச் செல்ல மறதியின் வேகம் தளர வேண்டும் என்பது அவர் கண்ட விதி. இங்கே அது இடறுகிறது. இடறும் இடம் எது? ஒரு நாள் என்னும் புள்ளி. நான் ரப்பர் வைத்துத் தேய்த்த அதே புள்ளி!

எபிங்ஹாஸ் அந்த இடறலைக் கண்டார். இடையில் வந்த இரவும் உறக்கமும் மறதியைத் தடுத்திருக்குமோ என்று எண்ணிப் பார்த்தார். அதுவும் போதிய விளக்கம் ஆகாது என்று கருதினார். தற்செயலான பிழை ஏதோ புகுந்திருக்க வேண்டும், அந்த எண் சற்றுக் குறைவாக இருந்திருந்தால் எல்லாம் பொருந்தும் என்றும் எழுதினார். எவ்வளவு குறைய வேண்டும் என்பது கூட அவருக்குத் தெரியும். ஒன்று அல்லது இரண்டு புள்ளி. பென்சில் அவர் கையில் இருந்தது. சோதித்தவரும் அவரே, சோதிக்கப்பட்டவரும் அவரே. உலகில் எவருக்கும் தெரியப் போவதில்லை. ஆனாலும் 33.7 என்றே அச்சிட்டார். அதன்மேல் தமக்குள்ள ஐயத்தையும் அதன் பக்கத்திலேயே அச்சிட்டார்.

பிறகு நடந்தது என்ன? 1924இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர், நம்மைப் போன்ற மாணவர் இருவரைக் கொண்டு சோதனை நடத்தினார்கள். விழித்திருந்த நேரத்தில் மறந்ததைவிட உறங்கிய நேரத்தில் குறைவாகவே மறந்தார்கள் என்று கண்டார்கள். 2015இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் எபிங்ஹாஸின் சோதனையை அப்படியே மீண்டும் செய்து வெளியிட்டார்கள். அவர்களுள் ஒருவரே 70 மணி நேரம் அசைகளைக் கற்றார். மறதிக் கோடு அதே வடிவில் கிடைத்தது. ஒரு நாள் என்னும் புள்ளியில் கோடு சற்று மேலே எழுகிறது என்பதும் பெரும்பாலும் உண்மையாக இருக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். எபிங்ஹாஸ் ஐயுற்ற எண்ணில், அவர் அறியாத உண்மை ஒன்று ஒளிந்திருந்தது போலும். அவர் அதைத் திருத்தியிருந்தால், 130 ஆண்டுகள் கழித்து அதைத் தேடிச் செல்ல எவருக்கும் தோன்றியிராது.

இதைப் படித்துவிட்டு ஆசிரியையிடம் சென்றேன். செய்ததை ஒப்புக்கொண்டேன். அழித்த எண்ணை மீண்டும் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். அப்போதுதான் என் குற்றத்தின் முழு அளவு எனக்குத் தெரிந்தது. அந்த எண் எனக்கு நினைவில் இல்லை! ஒன்பது மணிக்கு உரியதைவிட அதிகம் என்பது மட்டும் தெரியும். 38ஆ, 39ஆ, 41ஆ? நண்பனைக் கேட்டேன், அவன் அசைகளைச் சொன்னவனே தவிர எண்களைப் பார்த்தவன் அல்லன். குறித்துவைத்த துண்டுத் தாளையும் நான் கிழித்தெறிந்திருந்தேன். மறதியைப் பற்றிய சோதனையில் கிடைத்த ஓர் எண்ணை, மறதிக்கே பலியாக்கிவிட்டேன்.

அந்தக் கட்டத்தில் எண் எழுதாமல், அளவு அழிக்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்தேன். மதிப்பெண் குறைந்தது, ஆனால் கையெழுத்துக் கிடைத்தது. என் நண்பனின் ஒரு புள்ளியால் அறிவியல் உலகம் தலைகீழாகப் புரண்டிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அது வெறும் பிழையாகவே இருந்திருக்கலாம். பிழையா உண்மையா என்று இனி எவராலும் பார்க்க முடியாது என்பதுதான் என் வருத்தம். ஆய்வு முறை என்னும் பாடத்தில் கணக்கு உண்டு, விதி உண்டு, கருவி உண்டு. அவை அனைத்தும், நாம் விரும்பாத எண் ஒன்று வந்து நம் எதிரே நிற்கும்போது அதை இருந்தபடியே எழுதிவைக்கும் நேர்மைக்கு ஏவல் செய்பவை. அந்த நேர்மையை எனக்குக் கற்பித்த ஆசிரியர்கள் இருவர். ஒருவர் என் குறிப்பேட்டில் விரல் வைத்தவர். மற்றவர், தம் கையில் பென்சில் இருந்தும் 33.7ஐ அழியாமல் விட்டுச் சென்றவர். இருவரையும் வணங்குகிறேன்.